சிறுகோட்டுக்கும் இலக்கணம் உண்டு

‘வேலை கொடு’ என்று எழுதினால் பணி கேட்கிறோம். ‘வேலைக் கொடு’ என்று எழுதினால் முருகன் கையிலிருக்கும் ஆயுதத்தைக் கேட்கிறோம். நடுவில் வந்து நின்ற ஒற்றெழுத்து ஒன்றுதான் வேறுபாடு. இந்த ஒற்றுக்காக நாள்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் நாம். வலி மிகும் இடம் எது, மிகா இடம் எது என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், ஒன்பது பேர் இலக்கண நூல்களோடு வந்து இறங்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட வாசகர்கள் முன்புதான் இந்த வழக்கை வைக்க விரும்புகிறேன். வழக்கு கணினி நிரல்களைப் பற்றியது. ஆனாலும் அடிப்படையில் அது ஓர் இலக்கண வழக்கு.

சில வாரங்களுக்கு முன்பு, மென்பொருள் துறையில் நெடுங்காலம் உழன்ற நண்பர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். சி மொழியில் எழுதும் நிரல்கள், கட்டளை வரியில் வரும் தெரிவுகளை எப்படிப் பகுத்துக்கொள்ள வேண்டும் என்று புதியவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தலாமே என்றேன். அவர் சிரித்துவிட்டார். “அதெல்லாம் புழக்கடை வேலை. ஒரு சுழற்சி, நாலு ஒப்பீடு, முடிந்தது. இதற்கு வகுப்பா?” என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் சிரித்தேன். சிரித்ததற்கான விலையை வேறொருவர் கொடுத்தார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கணினியோடு புழக்கம் குறைந்தவர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஒரு நிரலை இயக்க அதன் பெயரைத் தட்டச்சு செய்கிறோம். பெயருக்குப் பிறகு சில சொற்களைச் சேர்க்கலாம். அவற்றுள் சில, எந்தக் கோப்பின்மீது வேலை நடக்க வேண்டும் என்று சொல்பவை. நம் இலக்கணப்படி செயப்படுபொருள். சில, வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்பவை. வினையடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வினையடைகளைத்தான் தெரிவுகள் என்கிறேன். ஆங்கிலத்தில் ஆப்ஷன். தெரிவுக்கு அடையாளம் அதன் முன்னே நிற்கும் சிறுகோடு. ‘ஆர்எம்’ என்ற நிரல் கோப்பை அழிக்கும். ‘ஆர்எம் -ஐ’ என்றால் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கேட்டு அழிக்கும். (இங்கே ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி எழுதுகிறேன். ‘-ஐ’ என்று கண்டால் சிறுகோடும் அதையடுத்து ஓர் ஆங்கில எழுத்தும் என்று கொள்க.)

இப்போது கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. இயங்கு தளத்துக்குத் தெரிவு, செயப்படுபொருள் என்ற வேறுபாடே கிடையாது. சி நிரலின் தொடக்கப் புள்ளியாகிய ‘மெயின்’ என்ற செயற்கூற்றுக்கு இரண்டே பொருள்கள் வந்து சேர்கின்றன: எத்தனை சொற்கள் என்ற எண்ணிக்கை (ஆர்க்-சி), அந்தச் சொற்களின் வரிசை (ஆர்க்-வி). சொற்கள் எல்லாம் வெறும் எழுத்துக் கோவைகள். எது ஆணை, எது பெயர் என்று அவற்றின் நெற்றியில் எழுதியிருக்காது. சிறுகோட்டைக் கண்டால் ஆணை என்று கொள்வது மரபு மட்டுமே. அந்த மரபைக் காப்பதும் கெடுப்பதும் ஒவ்வொரு நிரலையும் எழுதுகிறவரின் கையில் இருக்கிறது. நண்பர் ‘நாலு ஒப்பீடு’ என்று சொன்ன இடம் இதுதான். மனிதர் சொன்ன சொற்களுள் எது கட்டளை, எது வெறும் பெயர் என்று நிரல் முடிவு செய்யும் வாசல் அது. வாசலைப் புழக்கடை என்பது என்ன நியாயம்?

*

என் கதைக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய பதிவுக் கோப்புகளைக் கண்டுபிடித்து அழிக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். அழிப்பதற்கு முன் சரிபார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா? அதற்காக ‘-என்’ என்றொரு தெரிவு வைத்தேன். அதைக் கொடுத்தால் எவை அழியும் என்று பட்டியல் மட்டும் வரும், எதுவும் அழியாது. விவரமாகச் சொல்ல ‘-வி’. இரண்டையும் நானே சுழற்சி எழுதி, முழுச்சொல்லாக ஒப்பிட்டுப் பிரித்தேன். ‘-என்’ என்ற சொல்லா? சரி. ‘-வி’ என்ற சொல்லா? சரி. இரண்டும் இல்லையென்றால்? எதுவும் செய்யாமல் அடுத்த சொல்லுக்குத் தாவும்படி எழுதியிருந்தேன். கையேடு எதுவும் எழுதவில்லை. ஒரு பிற்பகலில் முடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்ததும் நினைவிருக்கிறது.

ஓரிரவு, பணியிலிருந்த மூத்தவர் ஒருவர் அதை இயக்கினார். என்னைவிட இருபது வயது பெரியவர். யுனிக்ஸ் கணினிகளோடேயே வாழ்ந்தவர். முதலில் பட்டியலைப் பார்த்துவிடலாம் என்று ‘-என்வி’ என்று சேர்த்து அடித்தார். ஓரெழுத்துத் தெரிவுகளை ஒரே கோட்டின் கீழ்ச் சேர்த்து எழுதுவது அவர் கைப்பழக்கம். அவர் அறிந்த நிரல்களெல்லாம் அதை ஏற்றுக்கொண்டவை. என் நிரலுக்கு ‘-என்வி’ என்ற சொல் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. பேசாமல் தாண்டிப் போய், அழிக்கத் தொடங்கிவிட்டது. மூன்று வாரப் பதிவுகள் போயின. காப்பு நாடாவிலிருந்து பாதியை மீட்டோம். மறுநாள் விளக்கம் கேட்டு ஓலை போனது அவருக்கு, எனக்கல்ல. “தம்பி, நான் சரியாத்தான் அடிச்சேன்,” என்று என்னிடம் மட்டும் சொன்னார். அவர் சரியாகத்தான் அடித்திருந்தார் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. யாரிடம் அதைச் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்ல அப்போது துணிவில்லை.

இந்தக் கட்டுரையின் கோபம் முதலில் என்மீதுதான். அதை முன்பே சொல்லிவிடுவது நேர்மை.

*

அந்த மூத்தவரின் கைப்பழக்கம் வானத்திலிருந்து குதித்ததல்ல. அதற்கு எழுதப்பட்ட இலக்கணம் உண்டு. அந்த இலக்கணம் எதற்காகத் தேவைப்பட்டது என்பதைப் பார்த்தால்தான் என் குற்றத்தின் அளவு தெரியும்.

யுனிக்ஸின் தொடக்க காலத்தில் ஒவ்வொரு நிரலும் தன் விருப்பம்போல் பேசிற்று. கோப்புகளை மூட்டை கட்டும் ‘டார்’ சிறுகோடே இல்லாத எழுத்துகளை ஏற்றது; இன்றும் ஏற்கிறது. தரவை நகலெடுக்கும் ‘டிடி’ சமக்குறி போட்டு எழுதச் சொல்லும். அது ஐபிஎம் பெருங்கணினிகளின் பேச்சு வழக்கு. ‘ஃபைண்ட்’ ஒற்றைக் கோட்டுக்குப் பிறகு முழுச்சொற்களை எழுதச் சொல்லும். ‘பிஎஸ்’ நிரலின் கதை இன்னும் சுவையானது. ‘பிஎஸ் ஏயுஎக்ஸ்’ என்று கோடில்லாமல் அடித்தால் எல்லாருடைய செயல்களும் வரிசையாக வரும். அதையே ‘பிஎஸ் -ஏயுஎக்ஸ்’ என்று கோட்டோடு அடித்தால், யுனிக்ஸ் தரநிலையின்படி, ‘எக்ஸ்’ என்ற பெயருள்ள பயனரின் செயல்களைக் காட்ட வேண்டும். ஒரு கோடு, இரண்டு பொருள். வேலையும் வேலும் போலத்தான்.

கோடு மட்டுமா? ‘-எஃப்’ என்பது அழிக்கும் நிரலில் ‘கேளாமல் செய்’ என்று பொருள்படும். ‘டெய்ல்’ நிரலில் ‘தொடர்ந்து பார்த்திரு’. ‘ஆக்’ நிரலில் ‘கட்டளைகளை இந்தக் கோப்பிலிருந்து எடு’. ‘கட்’ நிரலில் ‘இந்தப் பத்தியை வெட்டு’. தொலைக் கணினிக்குள் நுழையும் ‘எஸ்எஸ்ஹெச்’ நிரலுக்கு வாயில் எண்ணைச் சொல்ல சிறிய ‘பி’; அதன் உடன்பிறப்பான ‘எஸ்சிபி’ நிரலுக்குப் பெரிய ‘பி’. சிறிய ‘பி’ அங்கே வேறு வேலைக்கு முன்பே பதிவாகிவிட்டது. மைக்ரோசாஃப்டின் டாஸில் தெரிவுக்கு அடையாளமாகச் சாய்கோட்டை எடுத்துக்கொண்டார்கள். 1983-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அடைவுகளுக்குள் அடைவுகள் வந்தபோது, பாதையைப் பிரிக்கச் சாய்கோடு மிஞ்சவில்லை; எதிர்ப்பக்கம் சாய்ந்த கோட்டைப் பிடித்தார்கள். அன்று எடுத்த முடிவின் தழும்பை விண்டோஸ் பயனர்கள் இன்றும் சுமக்கிறார்கள். தெரிவு எழுதும் முறை அற்ப விஷயம் என்பவர்கள் நாற்பது ஆண்டு நீளமுள்ள இந்தத் தழும்பைப் பார்க்கட்டும்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே ஏடி அண்ட் டி நிறுவனத்தில் ஒரு சிறு செயற்கூறு எழுதப்பட்டது. பெயர் ‘கெட்ஆப்ட்’. 1980 வாக்கிலேயே அது இருந்தது. 1985-இல் டல்லாஸ் நகரில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில், யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்று பொதுவுடைமையாக அதன் மூலநிரலைக் கொடுத்தார்கள். நூறு வரிகளுக்கும் குறைவானது. நோக்கம் ஒன்றே: எல்லா நிரல்களும் ஒரே இலக்கணத்தில் பேசட்டும், பயனர் ஒருமுறை கற்றால் போதும். பின்னர் அது பாசிக்ஸ் தரநிலையில் இடம்பெற்றது. அதே தரநிலை, பயன்பாட்டு நிரல்களின் கட்டளை வரி எப்படி அமைய வேண்டும் என்று 14 விதிகளையும் வகுத்திருக்கிறது.

அந்த விதிகளுள் நமக்கு வேண்டியவை சில. தெரிவின் பெயர் ஓரெழுத்து. தனக்கெனத் தனி மதிப்பு வேண்டாத தெரிவுகளை ஒரே கோட்டின் கீழ்ச் சேர்த்து எழுதலாம். தொகைநிலைத் தொடர் என்று நாம் சொல்வதன் இயந்திர வடிவம். தெரிவுகள் முன்னே, செயப்படுபொருள்கள் பின்னே. தனியாக நிற்கும் ஒற்றைக் கோடு ‘தரவு உள்ளீட்டு ஓடையிலிருந்து வருகிறது’ என்று பொருள்படும். தனியாக நிற்கும் இரட்டைக் கோடு ‘தெரிவுகள் இத்தோடு முடிந்தன, இனி வருபவை எந்த எழுத்தில் தொடங்கினாலும் பெயர்களே’ என்று பொருள்படும். இந்த இரட்டைக் கோட்டைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கெட்ஆப்ட் இந்த இலக்கணத்தில் பெரும்பகுதியைச் செயல்படுத்திக் கொடுக்கிறது. எந்தெந்த எழுத்துகள் தெரிவுகள் என்று ஒரு சிறு கோவையில் எழுதிக் கொடுக்கிறோம். மதிப்பு வேண்டும் தெரிவுக்கு அடுத்து ஒரு முக்காற்புள்ளி. அவ்வளவுதான். கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அடுத்த தெரிவை எடுத்துத் தருகிறது. முடிந்ததும் -1 என்கிறது. சேர்த்தெழுதியதைப் பிரிக்கிறது. தெரியாத எழுத்து வந்தால் கேள்விக்குறியைத் திருப்பி, பயனருக்கும் முறையிடுகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை மீண்டும் படியுங்கள். நான் கெட்ஆப்டைக் கூப்பிட்டிருந்தால் அந்த இரவில் ‘-என்வி’ என்பது ‘-என்’ என்றும் ‘-வி’ என்றும் பிரிந்திருக்கும். பட்டியல் மட்டும் வந்திருக்கும். பெரியவர் தேநீர் குடிக்கப் போயிருப்பார்.

*

அப்படியானால் இன்றும் ஏன் சொந்தச் சுழற்சிகள் எழுதப்படுகின்றன?

பாடநூல் ஒரு காரணம். சி மொழியைப் படைத்த டென்னிஸ் ரிட்ச்சியும் பிரையன் கெர்னிஹானும் 1978-இல் வெளியிட்ட நூல், மொழிக்கே தொல்காப்பியம் போன்றது. 1988-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில், ஒரு வடிவத்துக்குப் பொருந்தும் வரிகளைத் தேடும் நிரலில், இரண்டு தெரிவுகளைக் கையாலேயே பிரித்துக் காட்டுகிறார்கள். சுட்டிகளைக் கற்பிக்க அமைந்த பக்கம் அது, அழகான பக்கம். சேர்த்தெழுதியதை அது பிரிக்கிறது. தெரியாத எழுத்து வந்தால் முறையிடவும் செய்கிறது. முன்னோர்கள் மேல் தவறில்லை. பின்வந்தவர்கள் சுழற்சியை நெட்டுருப் போட்டார்கள். முறையிடும் பகுதியை விட்டுவிட்டார்கள். உதாரணச் செய்யுளையே இலக்கணம் என்று எடுத்துக்கொண்டார்கள். சுட்டிகளை விளக்க எழுதிய ஒரு பயிற்சி, எண்ணற்ற கல்லூரி ஆய்வேடுகள் வழியாக நிஜ உலகத்துக்குள் நுழைந்துவிட்டது.

இரண்டாவது காரணம் செருக்கு. இவ்வளவு சின்ன வேலைக்கு இன்னொருவர் எழுதியதைக் கூப்பிடுவதா என்ற எண்ணம். வெண்பாவுக்குத் தளை தட்டினால் குறை என்கிறோம். ‘என் வெண்பாவுக்கு என் தளை’ என்று ஒருவர் சொன்னால் கைகொட்டிச் சிரிப்போம். நிரலரின் உலகத்தில் மட்டும் அது சுதந்திரம் என்று பெயர் பெறுகிறது.

மூன்றாவது தரப்பு சற்று மதிக்கத்தக்கது. கெட்ஆப்டில் குறைகள் உண்டு என்பவர்கள். உண்மைதான்; அவர்கள் சொல்வதை மறைக்கப் போவதில்லை. அது முழுநிரலுக்கும் பொதுவான மாறிகளில் தன் நிலையை வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு வரிசைகளைப் பகுக்க ஒத்துவராது. பாசிக்ஸ் வடிவத்தில் ஓரெழுத்துத் தெரிவுகளுக்கே இடம். முழுச்சொற்களுக்காகக் குனூ குழுவினர் ‘கெட்ஆப்ட்-லாங்’ எழுதினார்கள். அது ஐயமின்றிப் புரியும்வரை சொல்லைச் சுருக்கி எழுதவும் விடுகிறது. நாளை புதிதாக ஒரு தெரிவு சேர்ந்தால், இன்று சுருக்கி எழுதிய ஸ்கிரிப்ட் தடுமாறும். தெரிவுகள் முன்னே வர வேண்டும் என்ற விதியைக் குனூ வடிவம் தளர்த்தி, எங்கே வந்தாலும் பொறுக்கி முன்னே நகர்த்திக்கொள்கிறது. லினக்ஸில் ஓடியது வேறொரு யுனிக்ஸில் ஓடாமல் போக இதுவும் ஒரு காரணம். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சி நூலகத்தில் கெட்ஆப்டே இல்லை.

புகழ்பெற்ற இன்னொரு பள்ளம் உண்டு. கெட்ஆப்ட் திருப்பித் தருவது முழு எண். அதைப் பலர் ‘சார்’ என்னும் ஓரெழுத்துப் பெட்டியில் போட்டுவைக்கிறார்கள். இன்டெல் கணினியில் அது ஓடிவிடும். ஏஆர்எம் சில்லுகளில் ஓடும் லினக்ஸில் ‘சார்’ என்பதற்குக் குறையெண் கிடையாது. அங்கே -1 என்பது 255 ஆகிவிடும். முடிவு வந்ததே தெரியாமல் சுழற்சி சுற்றிக்கொண்டேயிருக்கும். ஆண்டுக்கணக்கில் சரியாக ஓடிய நிரல், கைக்கடக்கமான ஒரு கணினியில் ஏற்றியவுடன் உறைந்து நிற்கும்.

இத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவற்றுள் எது சொந்தச் சுழற்சிக்கான வாதம்? கெட்ஆப்ட் போதாது என்பவர் குனூ நூலகத்தின் ‘ஆர்க்பி’யையோ, ஆர்பிஎம் பொதி மேலாளர் பயன்படுத்தும் ‘பாப்ட்’டையோ எடுத்துக்கொள்ளட்டும். விண்டோஸுக்கு எழுதுகிறவர் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் கெட்ஆப்ட் கோப்பு ஒன்றைத் தம் நிரலோடு சேர்த்துக்கொள்ளட்டும். குறையுள்ள பொது இலக்கணத்துக்கு மாற்று, இன்னும் நல்ல பொது இலக்கணம். ஆளுக்கோர் இலக்கணம் அதற்கு மாற்றாகாது.

*

இதுவரை சொன்னது பயனரின் வசதியும் மானமும் பற்றியது. இனிச் சொல்லப்போவது பாதுகாப்பு. இங்கேதான் நண்பரின் சிரிப்பு முற்றாக அடிபட்டுப்போகிறது.

ஓர் அடைவில் ‘-ஆர்எஃப்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யுனிக்ஸில் அப்படிப் பெயர் வைக்கத் தடையில்லை. அங்கே ‘ஆர்எம்’ என்று அடித்து ஒரு நட்சத்திரக் குறியை இடுகிறீர்கள். நட்சத்திரத்தை எல்லாக் கோப்புப் பெயர்களாகவும் விரித்துக் கொடுப்பது ஷெல். அது நிரல் தொடங்கும் முன்பே நடந்துவிடும். நிரலின் கைக்கு வரும் வரிசையில் ‘-ஆர்எஃப்’ என்பதும் ஒரு சொல். பெயராகப் பிறந்தது ஆணையாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது: உள் அடைவுகளையும் சேர்த்து, கேளாமல் அழி. இதற்கு மருந்து இரட்டைக் கோடு. ‘ஆர்எம் --’ என்று எழுதிப் பிறகு நட்சத்திரம் இட்டால், அதன்பின் வருபவை எல்லாம் பெயர்களே. கெட்ஆப்ட் இந்த மருந்தை உள்ளேயே வைத்திருக்கிறது. கையால் எழுதிய சுழற்சிகளில் அது அநேகமாக இருப்பதில்லை. பிறர் என் நிரலைப் பாதுகாப்பாகக் கூப்பிட விரும்பினாலும் முடியாதபடி நானே கதவை அடைத்துவிடுகிறேன்.

1994-இல் ஏஐஎக்ஸ் உள்ளிட்ட சில இயங்கு தளங்களில் ஒரு துளை வெளிப்பட்டது. தொலைவிலிருந்து நுழைகிறவர் தம் பயனர் பெயராக ‘-எஃப்ரூட்’ என்று கொடுத்தால் போதும். அந்தப் பெயர் ‘லாகின்’ நிரலுக்கு ஒரு சொல்லாகப் போய்ச் சேரும். லாகினுக்கு ‘-எஃப்’ என்றால் ‘இவரை ஏற்கெனவே சோதித்தாயிற்று, கடவுச்சொல் கேட்காதே’ என்று பொருள். ‘ரூட்’ என்பது கணினியின் சக்கரவர்த்தி. பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அவர் ஆணையைச் சொல்லி உள்ளே போய்விட்டார். உலகமே அறிந்த பாடம். ஆனால் 2007-இல் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10-இல், டெல்நெட் வாயில் வழியாக, அதே வித்தை மீண்டும் பலித்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும் அதே சிறுகோடு, அதே எழுத்து.

2012-இல் பிஹெச்பி மொழியின் சிஜிஐ வடிவத்தில், இணைய முகவரியின் இறுதியில் கேள்விக்குறியும் ‘-எஸ்’ என்பதும் சேர்த்தால், தளத்தின் மூலநிரல் அப்படியே திரையில் வந்தது. முகவரியில் எழுதியதை அது கட்டளை வரித் தெரிவாக எடுத்துக்கொண்டது. திருத்தினார்கள், சிறுகோட்டை வாசலில் தடுத்தார்கள். 2024-இல் விண்டோஸில் அந்தத் தடுப்பு உடைந்தது. எப்படி என்றால், ஒருங்குறியில் ‘மென்கோடு’ என்று ஓர் எழுத்து இருக்கிறது. வரியின் முடிவில் சொல்லை எங்கே பிளக்கலாம் என்று அச்சுக்கோப்பவருக்குச் சொல்ல ஏற்பட்டது. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. சீனம், ஜப்பானியம் முதலிய மொழி அமைப்புள்ள விண்டோஸில், அந்த மென்கோட்டை ‘ஏறத்தாழப் பொருந்தும்’ எழுத்தாக மாற்றும்போது, அது சாதாரணச் சிறுகோடாகிவிட்டது. காவலன் பார்த்தபோது வேறு எழுத்து; உள்ளே போனபோது ஆணை. எழுத்திலக்கணம் கணினிக்கு எதற்கு என்று கேட்பவர்களை நான் இந்த ஓர் உதாரணத்தோடு விட்டுவிடுவேன்.

2017 ஆகஸ்டில் கிட், மெர்க்கூரியல், சப்வெர்ஷன் என்ற மூன்று நிரல்களும் ஒரே வகைத் துளையை ஒரே சமயத்தில் அடைத்தன. நிரல்களின் மூலத்தைப் பாதுகாத்து வைப்பதற்கென்றே இருப்பவை இவை. எழுதியவர்களும் சாமானியர்கள் அல்லர். இணைய முகவரியில் கணினியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிறுகோட்டில் தொடங்கும் ஒரு கோவையை வைத்தால், அது எஸ்எஸ்ஹெச் நிரலுக்குத் தெரிவாகப் போய்ச் சேர்ந்தது. அதன் வழியே தாக்குபவர் விரும்பிய கட்டளை ஓடியது.

எதிர்வாதி இங்கே குறுக்கிடலாம்: ‘இவற்றுள் பலவும் கெட்ஆப்டைப் பயன்படுத்தாததால் வந்தவை அல்லவே? கூப்பிட்ட நிரல் கவனக்குறைவாக இருந்தது, அவ்வளவுதானே?’ சரியான கேள்வி. கெட்ஆப்ட் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லவில்லை. இந்தத் துளைகள் எல்லாவற்றுக்கும் ஊற்று ஒன்று: ஆணைக்கும் பெயருக்கும் நடுவிலுள்ள எல்லையை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த எல்லைக்கு எழுதிவைத்த விதி ஒன்று இருந்து, அதை எல்லா நிரல்களும் மதித்தால்தான், கூப்பிடுகிறவர் இரட்டைக் கோட்டை நம்பி இட முடியும். பாதி நிரல்கள் மதிக்கும், பாதி மதிக்காது என்றால், கூப்பிடுகிறவர் எதை நம்புவார்?

2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ‘பிகேஎக்ஸெக்’ விவகாரத்தையும் சொல்லாமல் விட முடியாது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக நிறுவப்பட்டிருந்த, நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும் நிரல் அது. தெரிவுகளைக் கையால் எழுதிய சுழற்சியில் பிரித்தது. எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். நிரலின் பெயர் பூச்சியமாவது இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கை. ஆனால் சி மொழியின் தரநிலை அப்படி உறுதி கூறவில்லை. ஆர்க்-சி பூச்சியமாகவும் இருக்கலாம். ஒரு சொல்லும் கொடுக்காமல் அதை இயக்கினால், சுழற்சி ஓடாமலே எண்ணிக்கை ஒன்றில் நிற்கும். நிரல் வரிசைக்கு வெளியே கைநீட்டி, அடுத்திருந்த சூழல் மாறிகளைச் சொல் என்று நினைத்து எடுத்துக்கொண்டு, அதன்மீதே எழுதவும் செய்யும். சாதாரணப் பயனர் நிர்வாகியாகிவிடலாம். 2009 மே மாதத்து முதல் பதிப்பிலிருந்தே இந்தத் துளை அங்கே இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். பிறகு லினக்ஸ் கருநிரலே, 5.18 பதிப்பில், வெறும் வரிசை வந்தால் வெற்றுச் சொல் ஒன்றை இட்டு நிரப்பும்படி மாற்றப்பட்டது.

இங்கேயும் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கெட்ஆப்டைக் கூப்பிட்டிருந்தாலும், அதன்பின் வரிசையின் எல்லையைச் சோதிக்காமல் கைநீட்டினால் இதே பள்ளத்தில் விழலாம். ஆகவே ‘கெட்ஆப்ட் காப்பாற்றியிருக்கும்’ என்று சொல்லமாட்டேன். சொல்வது இதுதான்: தேர்ந்தவர்கள் எழுதி, பல கண்கள் பார்த்த நிரலிலேயே ‘ஒரு சுழற்சி, நாலு ஒப்பீடு’ பன்னிரண்டு ஆண்டு ஏமாற்றியது என்றால், அது புழக்கடை வேலையாக இருக்க முடியாது.

*

சி மொழியில் எழுதும் இளைய நண்பர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. தெரிவுகளை நீங்களே பிரிக்காதீர்கள், நூலகத்திடம் விடுங்கள். தெரியாத தெரிவு வந்தால் வாய்மூடித் தாண்டிப் போகாதீர்கள். பிழை ஓடையில் ஒரு வரி சொல்லிவிட்டு, பூச்சியம் அல்லாத எண்ணோடு நிறுத்துங்கள். கெட்ஆப்ட் தருவதை முழு எண்ணாக வாங்குங்கள். ஆர்க்-சி பூச்சியமாகவும் இருக்கலாம் என்று நினைவில் வையுங்கள். இன்னொரு நிரலைக் கூப்பிடும்போது, பிறரிடமிருந்து வந்த சொல்லுக்கு முன்னால் இரட்டைக் கோடு இடுங்கள். அந்த நிரல் இரட்டைக் கோட்டை அறியாதது என்றால், சிறுகோட்டில் தொடங்கும் சொல்லைத் திருப்பி அனுப்புங்கள். அழிக்கும் நிரலாக இருந்தால், ஐயம் வந்த இடத்தில் அழிக்காமல் நில்லுங்கள்.

இலக்கணம் கட்டுப்படுத்துகிறது என்று புலம்புவோர் எல்லா மொழியிலும் உண்டு. முகம் தெரியாத இருவர், முன்னேற்பாடு எதுவுமின்றி, ஒருவர் சொல்வதை மற்றவர் சரியாக விளங்கிக்கொள்ளச் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பெயர்தான் இலக்கணம். நிரலை எழுதியவர் பகலில் வீட்டுக்குப் போய்விடுவார். அதை நள்ளிரவில் இயக்குகிறவர் யாரென்று அவருக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு வரி எழுத்தும் ஒரு சிறுகோடும் மட்டுமே. ஒப்பந்தத்தை மீறுகிறவர் எழுதியவர். தண்டனை பெறுகிறவர் இயக்கியவர். என் கதையில் நடந்தது அதுதான்.

அந்தப் பெரியவர் பின்னர் ஓய்வு பெற்றுவிட்டார். கடைசியாகப் பார்த்தபோது, “அண்ணே, அன்னைக்குத் தப்பு என்னோடதுதான்,” என்று சொன்னேன். சிறிது நேரம் யோசித்தவர், எதைச் சொல்கிறேன் என்று புரிந்ததும், “அதான் அப்பவே சொன்னேனே தம்பி, நான் சரியாத்தான் அடிச்சேன்னு,” என்றார். அவருக்கு நான் கடன்பட்டிருப்பது ஒரு மன்னிப்பு மட்டுமல்ல, இந்தக் கட்டுரையும்தான்.